விழுந்த தாயைத் தாங்கும் கைகள்

ஒரு சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் நம்ம கண் முதலில் எங்கே போகும்? நடுக்கூடத்தில் கிடத்தியிருக்கும் உடலுக்குத்தான். அடுத்த நொடியே அந்த உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளைத் தேடும். அம்மாவோ, மனைவியோ, மகளோ. "அவங்க எப்படி இருக்காங்க? ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்போம். போனவருக்கு இனி நம்மால் ஆகப்போவது பெரிதாக ஒன்றுமில்லை. இருப்பவரை எப்படித் தாங்குவது என்பதுதான் அந்த வீட்டில் உண்மையான கவலை.

கிட்டத்தட்ட ஆறு நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு ஓவியர் இந்தக் கவலையைப் பலகையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார். படத்தின் பெயர் 'சிலுவையிலிருந்து இறக்குதல்'. வரைந்தவர் ரோகியர் வான் டெர் வெய்டன். காலம் சுமார் 1435. இப்போது இருப்பது ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில். ஐரோப்பாவில் வேலை பார்க்கும் நம்ம ஆட்கள் பலர் மாட்ரிட் போனால் கால்பந்து மைதானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இந்தப் படத்துக்காக ஒரு அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பக்தி இருக்கிறதா, இல்லையா, எந்த மதம் என்பதெல்லாம் அப்புறம்.

படத்தில் யார் யார்?

படத்தின் அகலம் சுமார் 260 செ.மீ. நடுவில் உயரம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் 10 பேர், ஏறக்குறைய ஆள் உயரத்தில். பின்னால் மலை, வானம், நகரம் எதுவும் கிடையாது. பொன்னிறச் சுவர் மட்டும். ஒரு மரப்பெட்டிக்குள் பத்துப் பேரை நிறுத்தி வைத்த மாதிரி நெருக்கம். கோயில் மாடத்துக்குள் சிலைகள் நிற்குமே, அப்படி.

நடுவில் இறந்த இயேசு. ஏணியில் நிற்கும் ஒரு இளைஞன் மேலிருந்து உடலை இறக்குகிறான். அக்குளுக்கடியில் ஒரு முதியவர் தாங்குகிறார். பொன் சரிகை அங்கி போட்ட ஒரு பணக்காரர் கால்களைப் பிடித்திருக்கிறார். இந்த இருவரும் அரிமத்தியா ஊர் யோசேப்பும் நிக்கதேமும். வலது ஓரத்தில் மகதலா மரியா தனியாக நின்று கைகளைக் கோத்து முறுக்கியபடி வளைந்து அழுகிறார். பின்னால் ஒருவர் தைலக் குப்பியோடு நிற்கிறார்.

இடது பக்கம்தான் விஷயம். இயேசுவின் தாய் மரியா மயங்கிச் சரிகிறார். சிவப்பு அங்கி போட்ட சீடர் யோவான் குனிந்து பிடிக்கிறார். பச்சை உடை உடுத்த ஒரு பெண் இன்னொரு பக்கம் தாங்குகிறார். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

இப்போது மகனின் உடலையும் தாயின் உடலையும் சேர்த்துப் பாருங்கள். மகன் எப்படி வளைந்து சரிகிறாரோ, தாயும் அதே வளைவில் சரிகிறார். தொங்கும் கைகளும் ஒரே மாதிரி. தாயின் முகம் மகனின் முகத்தைவிட வெளுத்திருக்கிறது. மகனின் கையும் தாயின் கையும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, ஆனால் தொடவில்லை. அந்தச் சின்ன இடைவெளிதான் மரணம் என்று ஓவியர் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு உடலை இறக்க மூன்று பேர். ஒரு தாயைத் தாங்க இரண்டு பேர். ரோகியர் இரண்டையும் ஒரே அளவு முக்கியமான வேலையாகக் காட்டுகிறார்.

நற்செய்தியில் இல்லாத அழுகை

பைபிளில் இந்த இடம் ரொம்பச் சுருக்கம். யோசேப்பு பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டு வாங்கினார், நிக்கதேம் வெள்ளைப்போளமும் அகிலும் கொண்டுவந்தார், துணியில் சுற்றிக் கல்லறையில் வைத்தார்கள். அவ்வளவுதான். உடலைச் சுற்றி உட்கார்ந்து தாய் அழுததாகவோ மயங்கியதாகவோ நான்கு நற்செய்திகளிலும் ஒரு வரி கிடையாது.

ஆனால் சனங்களால் அதை அப்படியே விட முடியவில்லை. இறக்கியதற்கும் அடக்கம் செய்ததற்கும் இடையில் ஒரு தாய் அழாமலா இருந்திருப்பாள்? கிழக்கு ஐரோப்பிய பைசாந்தியத் திருச்சபையில் இந்த அழுகை முதலில் பாட்டாகவும் வழிபாடாகவும் வந்தது. பிறகு சுவரில் ஏறியது. இன்றைய வடக்கு மாசிடோனியாவில் நெரெசி என்ற ஊரின் சிறு கோயிலில் 1164இல் வரைந்த சுவரோவியத்தில், தாய் மகனின் முகத்தோடு முகம் ஒட்டி அழுகிறாள். அங்கிருந்து இத்தாலி, பிரான்ஸ், பிளாண்டர்ஸ் என்று பரவியது.

நம்ம பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு இதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. சிலுவைப் பாதையில் 13ஆம் நிலையே இதுதான்: உடலை இறக்கி மாதாவின் மடியில் வளர்த்துவது. வியாகுல மாதாவின் ஏழு வியாகுலங்களிலும் இது ஒன்று. இலங்கையில் 18ஆம் நூற்றாண்டில் ஊழியம் செய்த கோவா நாட்டுக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழில் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இழுத்துப் பாடப்பட்டு வந்திருக்கிறது. அதைக் காதால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ரோகியரின் படம் அந்நியமாகவே இருக்காது.

இஞ்சினியர் கண்ணுக்குத் தெரியும் தப்புகள்

என் வேலை மென்பொருளில் பிழை தேடுவது. அந்தப் பழக்கத்தில் இந்தப் படத்தைப் பார்த்தால் எக்கச்சக்கமாகப் பிழை தெரியும். சிலுவையின் குறுக்குக்கட்டை ரொம்பக் குட்டை. இவ்வளவு பெரிய மனிதரை இதில் எப்படி அறைந்திருக்க முடியும்? பெட்டி மாதிரி இருக்கும் இடத்தின் ஆழம் ஒரு முழம், ரெண்டு முழம்தான் இருக்கும். அதற்குள் சிலுவை, ஏணி, முன்னும் பின்னுமாக இத்தனை பேர். கணக்கு இடிக்கிறது. மரியா எழுந்து நின்றால் கால் அளவுக்கு மீறி நீளமாக இருக்கும். நீல உடைக்குள் அந்தக் காலை நீட்டித்தான் சிலுவையின் அடிப்பாகத்தையும் ஏணியின் அடியையும் ஓவியர் மறைத்திருக்கிறார்.

இவருக்கு வரையத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தலைமுடி, தாடியில் முளைத்த மயிர், சரிகை நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. தெரிந்தே செய்த தப்பு. இடத்தைக் குறைத்தால்தான் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் படுவார்கள். ஒருவர் சரிந்தால் இன்னொருவர் பிடித்தே ஆக வேண்டிய நெருக்கம் வரும். சாவு வீட்டில் கூடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எல்லோரும் ஒரு மூலையில் ஒட்டி உட்காருவார்கள், கவனித்திருக்கிறீர்களா? அந்த நெருக்கம்தான் இது.

ஈரம் காயாத கண்ணீர்

இந்தப் படம் எண்ணெய் வண்ணம் என்பது சும்மா ஒரு தகவல் கிடையாது. அதற்கு முன்னால் பலகை ஓவியங்களில் பெரும்பாலும் முட்டை மஞ்சட்கருவில் நிறத்தைக் குழைத்துப் பூசுவார்கள். அது நிமிடங்களில் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறம் காய நாள் கணக்கில் ஆகும். பிளாண்டர்ஸ் ஓவியர்கள் இந்த மெதுவான காய்ச்சலையே பலமாக்கிக்கொண்டார்கள். பலகையில் முதலில் சுண்ணமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு. அதன் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய எண்ணெய் நிறங்கள், அடுக்கு மேல் அடுக்கு. வெளிச்சம் அந்த அடுக்குகளைத் துளைத்து உள்ளே போய், வெள்ளையில் பட்டுத் திரும்பி வெளியே வருகிறது. அதனால் படமே உள்ளிருந்து ஒளி விடுகிற மாதிரி இருக்கும்.

இந்த முறையில் கண்ணீரை வரைந்தால் எப்படி இருக்கும்? துளியின் ஒரு ஓரத்தில் வெள்ளைப் புள்ளி, இன்னொரு ஓரத்தில் மெல்லிய நிழல், நடுவில் கன்னத்தின் நிறமே தெரிகிறது. மரியாவின் முகத்தில் துளிகள் உருண்டு நிற்கின்றன. சரிகை அங்கி போட்ட பணக்காரரின் முகத்திலும் கண்ணீர். ஆறு நூற்றாண்டாகியும் ஈரம் காயாத மாதிரி இருக்கிறது.

மரியாவின் நீல உடைக்கு ஒரு கதை உண்டு. அந்த நீலம் லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைத்து எடுத்தது. அப்போது அந்தக் கல் இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து ஒட்டகத்திலும் கப்பலிலும் ஐரோப்பா வரவேண்டும். அந்த நிறத்துக்கு வைத்த பெயர் அல்ட்ராமரின். லத்தீனில் 'கடலுக்கு அப்பால்' என்று அர்த்தம். ஓவியரின் கடையில் விலை உயர்ந்த நிறங்களில் ஒன்று அது. அதைக் கொண்டுபோய் மயங்கி விழும் தாயின் உடைக்குப் பூசியிருக்கிறார்கள்.

அழலாமா, விழலாமா?

எல்லோரும் இந்தப் படத்தை ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தாய் மயங்கி விழுந்ததுபோலக் காட்டலாமா என்று சபைக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. மாதா மயங்கியதை நினைவுகூரத் தனித் திருநாள் வேண்டும் என்று ஒரு கூட்டம் போப்பாண்டவரிடம் கேட்டது. 1506இல் கயெத்தான் என்ற டொமினிக்கன் துறவி (பின்னாளில் கர்தினால் ஆனவர்) அதை மறுத்து ஒரு ஆய்வுரை எழுதினார். யோவான் நற்செய்தி, தாய் சிலுவையருகே நின்றதாகத்தான் சொல்கிறது. மயக்கம் என்பது உடலின் பலவீனம், நினைவு தப்பினால் மகனின் பாடுகளோடு முழு மனதாக எப்படி ஒன்றியிருக்க முடியும் என்பது அவர் வாதம். அந்தத் திருநாள் வரவில்லை. அடுத்து வந்த காலத்தில், தாயை நிமிர்ந்து நிற்பவராகவே வரைய வேண்டும் என்று சொல்லும் குரல்கள் பலத்தன.

கயெத்தான் சொன்னதில் ஒரு கம்பீரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "தைரியமா இரு, அழாதே, நீதான் எல்லாரையும் பாத்துக்கணும்" என்று துக்க வீட்டில் சொல்லும் குரலும் இதே ஜாதிதான். சொல்பவருக்கு நல்ல எண்ணம்தான். கேட்பவருக்கு அது இன்னொரு சுமை.

இந்தப் படத்தை வரையச் சொன்னவர்கள் யார் தெரியுமா? இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லூவென் நகரத்தின் குறுக்குவில் வீரர்கள் சங்கம். ஊருக்குக் காவல் நிற்கிற ஆட்கள். படத்தின் மேல் மூலைகளில் சின்னச் சின்னக் குறுக்குவில்கள் தொங்குவதைப் பார்க்கலாம். அவர்களின் கையெழுத்து அது. வில் பிடித்துக் காய்ப்பேறிய கைக்காரர்கள் தங்கள் சிற்றாலயத்துக்கு வெற்றிக் காட்சியைக் கேட்கவில்லை. ஆண்களும் கண் சிவந்து அழுகிற படத்தை வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துச் சங்கங்களுக்கு ஒரு முக்கியமான கடமை உண்டு: உறுப்பினர் செத்தால் எல்லோரும் கூடி அடக்கத்துக்குப் போவது, அவருக்காகப் பூசை வைப்பது. அந்தப் பீடத்தின் முன்னால் நின்ற ஒவ்வொருவருக்கும் தோள் கொடுப்பது என்றால் என்னவென்று தெரிந்திருக்கும்.

படமும் புலம்பெயர்ந்ததுதான்

ஓவியரே இடம்பெயர்ந்தவர். பிரெஞ்சு பேசும் துர்னே நகரத்தில் பிறந்தவர். அங்கே அவர் பெயர் ரோஜர் டெ ல பாஸ்துர். டச்சு பேசும் பிரஸ்ஸல்ஸுக்குப் போய் 1436வாக்கில் நகரத்தின் அதிகாரபூர்வ ஓவியரானார். அங்கே பெயர் ரோகியர் வான் டெர் வெய்டன் ஆனது. இரண்டுக்கும் 'மேய்ச்சல் நிலத்துக்காரர்' என்றுதான் பொருள். பெயரையே புது ஊரின் பாஷைக்கு மொழிபெயர்த்து வாழ்ந்தவர். அலுவலகத்தில் பெயரைச் சுருக்கிக்கொண்ட நமக்கு இது புரியும். 1464இல் பிரஸ்ஸல்ஸிலேயே இறந்தார்.

படமும் ஊரில் நிலைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தங்கை, ஹங்கேரி அரசி மேரி, அந்தப் பகுதியின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அவர் இந்தப் படத்தை லூவெனிலிருந்து எடுத்துக்கொண்டார். பதிலுக்கு மிஹில் கோக்சி என்ற ஓவியர் வரைந்த நகலும் ஒரு ஆர்கன் இசைக்கருவியும் கொடுக்கப்பட்டன. பிறகு படம் அவருடைய அண்ணன் மகன், ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் கைக்குப் போனது. ஸ்பெயினுக்குப் போகும் வழியில் கப்பல் மூழ்கியது, நன்றாகக் கட்டியிருந்ததால் படம் பெரிய சேதமில்லாமல் தப்பியது என்று 1604இல் காரெல் வான் மாண்டர் தன் ஓவியர் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். எஸ்கோரியல் மடாலய அரண்மனையில் பல நூற்றாண்டு இருந்துவிட்டு, 1939 முதல் பிராடோவில் இருக்கிறது.

லூவெனில் இன்று மிச்சம் இருப்பது ஒரு சிறிய நகல். 1443இல் எடல்ஹேரே என்ற குடும்பத்துக்காகச் செய்தது. புனித பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. சொந்த ஊரில் பிரதி, அசல் வெளிநாட்டில்.

நம்மை எங்கே தொடுகிறது?

வெளிநாட்டில் நம்ம ஆள் ஒருவர் திடீரென்று இறந்தால் என்ன நடக்கும்? சும்மா சொல்லக் கூடாது, அந்த விஷயத்தில் நாம் கெட்டிக்காரர்கள். இறப்புச் சான்றிதழ், உடல் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, விமான சரக்குப் பதிவு எல்லாவற்றையும் யாரோ ரெண்டு மூணு பேர் தூக்கமில்லாமல் ஓடி முடிப்பார்கள். ஒரே ராத்திரியில் நிதி திரட்டிவிடுவோம். பல தமிழ்ச் சங்கங்கள் இதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்கள்தான் நம்ம ஊர் யோசேப்பும் நிக்கதேமும். பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டு வாங்கியதும் ஒரு அரசாங்க அனுமதிதானே.

அதாவது படத்தின் நடுப்பகுதி நமக்கு நன்றாக வருகிறது. இடது பக்கம்தான் வருவதில்லை.

உடல் விமானம் ஏறிய பிறகு, அந்த ஃப்ளாட்டில் இருக்கும் மனைவியை மூன்றாவது வாரம் யார் போய்ப் பார்க்கிறார்கள்? உடலே இங்கே இல்லாத சாவுகள் அதைவிட அதிகம். ஊரில் அப்பா போய்விடுகிறார். விசா முத்திரை பாக்கி இருப்பதால் போனால் திரும்பி வர முடியுமா தெரியாது. அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்களுக்கும், திரும்பினால் ஆபத்து என்று வந்தவர்களுக்கும் போவது பற்றிய பேச்சே இல்லை. கோவிட் காலத்தில் நம்மில் பலரும் இப்படித்தான் போன் திரையில் கொள்ளி வைப்பதைப் பார்த்தோம். கூடத்தில் பந்தல் தெரியும், சித்தப்பா முதுகு தெரியும், வீடியோ நடுவில் நின்றுபோகும். முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, அடுத்த நாள் காலை அலுவலகக் கூட்டத்தில் கேமராவை மூடி வைத்துக்கொண்டு உட்காருவோம். மகனின் கைக்கும் தாயின் கைக்கும் இடையில் ரோகியர் விட்ட அந்த இடைவெளி, நமக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர்.

அந்த ஆளை யார் தாங்குவது? வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படம் 140 வரும். அதில் தப்பில்லை. ஆனால் மரியாவைப் பிடித்திருக்கும் இருவரைத் திரும்பப் பாருங்கள். யோவான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறுதல் வசனம் சொல்லவில்லை. அவருக்கும் அழுகைதான். அழுதுகொண்டே பிடித்திருக்கிறார். துக்கம் கேட்கப் போக நம்மில் பலர் தயங்குவது "போய் என்ன பேசுறது?" என்றுதான். பேசவே வேண்டாம் என்கிறது படம்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். தாத்தா இறந்த செய்தி வந்த அன்று அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதால், துக்கம் என்றால் கதவைச் சாத்திக்கொள்வது என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். ஊரில் இருந்தால் நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து காபி வந்திருக்கும். அதைப் பார்த்தே பிள்ளைகள் கற்றுக்கொண்டிருப்பார்கள். இங்கே அந்த நாலு பேராக நாம்தான் ஆக வேண்டும்.

அதனால் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. பொங்கலுக்கும் கலைவிழாவுக்கும் குழு போடுகிற மாதிரி இதற்கும் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு போடுங்கள். ஊரில் யாராவது இறந்த செய்தி வந்தால், அன்று சாயங்காலமே ரெண்டு பேர் அந்த வீட்டுக்கு நேரில் போகட்டும். ஒரு பாத்திரத்தில் ரசமும் சோறும் போதும். இறுதிச் சடங்கை அவர்கள் திரையில் பார்க்கிற நேரத்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை கதவைத் தட்டட்டும். அனுமதியும் நிதியும் தேவைப்படாத வேலை இது.

மாட்ரிட் போகிறவர்கள் அந்தப் படத்தின் முன் நிற்கும்போது, வலது ஓரத்து மகதலா மரியாவையும் ஒரு நிமிடம் பாருங்கள். கை யார் மேலும் படாமல், யார் கையும் தன் மேல் படாமல் அழுகிறவர் அவர். மற்றவர்களில் பலர் ஏதோ ஒரு வேலையாக இருக்கிறார்கள். அவரைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. நம்ம ஊர்க்காரர்கள் இருக்கிற ஒவ்வொரு வெளிநாட்டு நகரத்திலும் அந்த ஓரத்தில் ஒருவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.